விழுந்தால் ஒரு புள்ளி

செவ்வாய்க்கிழமை குத்துச்சண்டை.
ஊத்துக்குளி ரோட்டில், மூடிப்போன சாயப்பட்டறை.
சுவரில் இன்னும் கருநீலம் ஊறிக் கிடக்கிறது;
சாய்ந்தால் சட்டையில் ஒட்டுமோ என்று
இரண்டு வருடமாகப் பயப்படுகிறேன், ஒட்டியதில்லை.

தொம்பா மணிப்பூர்க்காரன். பகலில் ஓவர்லாக்.
அவனுக்குத் தெரிந்த தமிழ்
ஷிப்ட், சம்பளம், டீ, அப்புறம்
"கை மேல அக்கா."
பதினான்கு வருட டேக்வாண்டோ
என் கைகளை இடுப்போரம் தூங்கவிட்டிருந்தது.
முகத்தில் குத்துவது எங்கள் ஆட்டத்தில் குற்றம்.
சட்டம் காத்த முகத்தை
நானாகக் காக்கப் பழகவில்லை.
முதல் குத்து வந்து மூக்கின்மேல் உட்கார்ந்து
"ஏனுங், ஊட்ல ஆளில்லீங்களா?" என்றது.

வியாழன் ஜூடோ.
பாய் என்பது தார்ப்பாய்; உள்ளே திணித்திருப்பது
பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட்.
ஜெர்மனி போகாத கைகள், கழுத்துப் பட்டிகள்,
ஷேடு மாறித் திரும்பிய ஆர்டர் ஒன்றின்
எட்டாயிரம் தோள்கள்.
அந்த ஆர்டரின் மெர்ச்சண்டைசர் நான்தான் என்று
அங்கே யாரிடமும் சொல்லவில்லை.
மெத்தென்றுதான் இருக்கிறது.

கறுப்பு பெல்ட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு
வெள்ளை கட்டிய முதல் மாலை
பதினோரு வயதுப் பொடிசுகளோடு வரிசையில் நின்றேன்.
உதைக்கச் சொல்லவில்லை. பிடிக்கச் சொல்லவில்லை.
விழச் சொன்னார்கள்.
பின்னால் விழு, பக்கவாட்டில் விழு,
தாடையை நெஞ்சில் ஒட்டி, கையால் பாயை அறைந்து விழு.
மூன்று வாரம் வேறொன்றும் இல்லை.

எனக்கு விழத் தெரியாதா என்ன?
தெரியாது.
எங்கள் ஆட்டத்தில் விழுந்தால் எதிராளிக்கு ஒரு புள்ளி.
விழாமலிருக்க மட்டுமே படித்திருந்தேன்.
போன வருடம் சேலத்தில்
அப்படிக் கையை ஊன்றித்தான்
மணிக்கட்டில் இரண்டு ஆணி.
மார்கழிக் காலையில் வண்டி பிரேக்கை அழுத்தும்போது
இருக்கிறோம் என்று சொல்லும்.

பெனாசிருக்குக் கட்டிங் டேபிளில் வேலை.
என் கழுத்துப் பட்டியை அவள் பற்றிய பற்றில்
இருநூறு அடுக்குத் துணியை அமுக்கிய பழக்கம் இருந்தது.
அவளிடம் என் சுழல் உதையைக் காட்ட ஆசை.
காட்டினேன், வகுப்பு முடிந்து ஒருநாள்.
காலை வாங்கி அக்குளில் வைத்துக்கொண்டு
"இத வச்சுட்டு நான் என்னங்க பண்றது?" என்றாள்.
கொடுத்த காலைத் திருப்பிக் கேட்க
வெட்கமாக இருந்தது.

செய்தி டேக்வாண்டோ வகுப்புக்குப் போய்விட்டது.
"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்" என்றார் மாஸ்டர்.
அவர் என்னைவிட இரண்டு வயது சின்னவர்.
"உதைக்கறப்ப ரெண்டு காலும்
ஒரே எடத்துலயாங்க இருக்கும்?" என்றேன்.
சிரிக்கவில்லை.
வலது காலில் நூறு, இடதில் நூறு கொடுத்தார்.

சித்திரையில் ஈரோட்டில் போட்டி. கல்யாண மண்டபம்.
முந்தின நாள் மாப்பிள்ளையும் பெண்ணும்
தெர்மோகோல் எழுத்தில் மேடையில் அப்படியே இருந்தார்கள்.
ரச வாசம் போகவில்லை.
எதிரே பெருந்துறைப் பெண், பத்தொன்பது, கால் நீளம்.
கடைசிச் சுற்று, எட்டு விநாடி, சமம்.
அவள் உதை காற்றைத்தான் தொட்டது;
விலகிய என் நின்ற கால் வழுக்கியது.
கை ஊன்றப் போகிறது என்று ஆணிகள் காத்திருந்தன.
ஊன்றவில்லை.
தாடை நெஞ்சுக்குப் போக, முதுகு உருள,
முழங்கை வரை கை பாயை அறைந்தது.
பட்டென்று. சமையற்கட்டு வரை கேட்டிருக்கும்.

நடுவர் விரலை உயர்த்தினார்.
ஒரு புள்ளி. அதில்தான் தோற்றேன்.

அந்தப் பெண் என்னைவிட வெளிறியிருந்தாள்.
"அடி பட்டுருச்சுங்களா?"
மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டினேன்.
பிறகு எனக்காக இன்னொரு தரம்.

பஸ்ஸில் மாஸ்டர் பக்கத்து சீட்.
பெருந்துறை வரை பேச்சில்லை.
செங்கப்பள்ளி தாண்டும்போது, ஜன்னலைப் பார்த்தபடி:
"அத்தன சத்தம் வந்துச்சே, வலிக்கலயா?"
"சத்தத்தோட போயிருதுங்க."

சித்த நேரம் கழித்து
முன் சீட்டின் முதுகில்
மெதுவாக ஒருதரம் அறைந்து பார்த்தார்.
தூசி பறந்தது.
முன்னால் தூங்கிக்கொண்டிருந்தவர் திரும்பி
எங்கள் இருவரையும் முறைத்தார்.